பார்வையற்றோருக்குத் தமிழில் தகவல் அணுகல்: பூவிருந்தவல்லி பிரெய்லி அச்சகம் முதல் திரைவாசிப்பான் வரை

தகவல் அணுகல் என்பது ஒரு நூலையோ, அறிவிப்பையோ, படிவத்தையோ உடற்குறைபாடு உள்ள ஒருவரும் பிறர் துணையின்றித் தாமே படித்து, புரிந்துகொண்டு, பயன்படுத்தக்கூடிய நிலையைக் குறிக்கும். ஒரு செய்தி வெளியிடப்பட்டுவிட்டது என்பதாலேயே அது எல்லோரையும் எட்டிவிடுவதில்லை. அச்சில் மட்டும் வரும் செய்தி பார்வையற்றவரை எட்டாது. ஒலியில் மட்டும் வரும் செய்தி காது கேளாதவரை எட்டாது. எந்த வடிவில் தகவல் தரப்படுகிறது என்பதே யார் அதைப் பெறுவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். தமிழ்நாட்டில் இவர்களின் எண்ணிக்கை சுமார் 11.8 லட்சம். இவர்களுள் பார்வைக் குறைபாடு உடையவர்கள் ஏறத்தாழ 1.27 லட்சம் பேர். செவித்திறன் குறைபாடு உடையவர்கள் ஏறத்தாழ 2.2 லட்சம் பேர்.

இக்கட்டுரை பார்வையற்றோரின் தமிழ் வாசிப்பை முதன்மையாகக் கொண்டு தகவல் அணுகல் எவ்வாறு செயல்படுகிறது என்பதை விளக்குகிறது. சென்னையின் மேற்குப் புறநகரான பூவிருந்தவல்லி, தமிழ்நாட்டில் இவ்வாசிப்போடு நெருங்கிய தொடர்புடைய ஊர்களுள் ஒன்று.

பூவிருந்தவல்லியின் இடம்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள பூவிருந்தவல்லியைப் பேச்சு வழக்கில் பூந்தமல்லி என்பர். இவ்வூரில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இயங்குகிறது. மாணவர்கள் விடுதியில் தங்கிப் பயில்கின்றனர். பாடநூல்களைப் பிரெய்லி எழுத்தில் அச்சிடும் மண்டல பிரெய்லி அச்சகமும் இங்கு உள்ளது. இங்கு அச்சாகும் பாடநூல்கள் பார்வையற்ற மாணவர்களுக்கு இலவசமாக வழங்கப்படுகின்றன.

டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்வைக் குறைபாடுடையோர் அதிகாரமளித்தலுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் பூவிருந்தவல்லியில்தான் அமைந்துள்ளது. தென் மாநிலங்களுக்கான இம்மையம் பார்வையற்ற மாணவர்களுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்களைப் பயிற்றுவித்தல், மறுவாழ்வுப் பயிற்சி போன்ற பணிகளைச் செய்கிறது. இவ்வாறு படிக்கும் மாணவர், கற்பிக்கும் ஆசிரியர், அச்சாகும் நூல் ஆகிய மூன்றும் ஓர் ஊரில் கூடியிருப்பது இவ்விடத்தின் சிறப்பு.

தமிழ்நாட்டில் பார்வையற்றோர் கல்வி இதற்கும் முன்பே தொடங்கியது. பாளையங்கோட்டையில் 1890ஆம் ஆண்டு ஆஸ்க்வித் அம்மையார் என்ற கிறித்தவ மதப் பணியாளர் தொடங்கிய பள்ளி, இந்தியாவிலேயே மிகப் பழைய பார்வையற்றோர் பள்ளிகளுள் ஒன்று.

ஆறு புள்ளிகளில் தமிழ்

பிரெய்லி என்பது விரல் நுனியால் தொட்டுப் படிக்கும் எழுத்து முறை. பிரான்சு நாட்டின் லூயி பிரெய்லி (1809–1852) சிறுவயதில் ஏற்பட்ட விபத்தால் பார்வையை இழந்தவர். பாரிசில் பார்வையற்றோர் பள்ளியில் படிக்கும்போதே, 1824ஆம் ஆண்டு வாக்கில், தம் 15ஆம் வயதில் இம்முறையை உருவாக்கினார். 1829இல் அதை நூலாக வெளியிட்டார்.

ஒரு பிரெய்லி கட்டத்தில் ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும் வலப்பக்கம் 4, 5, 6 என்றும் அவை எண்ணிடப்படும். எந்தெந்தப் புள்ளிகள் மேலெழுந்துள்ளன என்பதைக் கொண்டு எழுத்து அறியப்படும். இவ்வாறு 63 வெவ்வேறு குறிகளை உருவாக்கலாம்.

இந்தியாவில் தொடக்கத்தில் மொழிக்கு மொழி, சில இடங்களில் பள்ளிக்குப் பள்ளி, வெவ்வேறு பிரெய்லி முறைகள் வழங்கின. ஒரு பள்ளியில் அச்சான நூலை வேறொரு பள்ளியின் மாணவர் படிக்க இயலாத நிலை இருந்தது. இதைத் தீர்க்க, யுனெஸ்கோவின் முயற்சியோடு 1951இல் பாரதி பிரெய்லி என்ற பொது முறை உருவானது. இதில் ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே குறி. தமிழ்க் ககரத்திற்கும் இந்தி, தெலுங்கு, மலையாளக் ககரங்களுக்கும் 1, 3 ஆகிய புள்ளிகளே குறி. ஆங்கிலத்தில் 'கே' என்ற எழுத்துக்கும் அதுவே குறி என்பதால் இரு மொழி படிக்கும் மாணவருக்குச் சுமை குறைகிறது. ழகரம், றகரம், னகரம் ஆகியவற்றுக்கும் தனிக் குறிகள் உள்ளன.

அச்சுத் தமிழில் 247 எழுத்துகள் உள்ளன. பிரெய்லி தமிழில் 216 உயிர்மெய்களுக்குத் தனி வடிவங்கள் கிடையாது. உயிர் 12, மெய் 18, ஆய்தம், புள்ளி ஆகியவற்றின் குறிகளைக் கற்றாலே தமிழ் முழுவதையும் எழுதிவிடலாம். மெய்யின் குறியை அடுத்து உயிரின் குறி வந்தால் அது உயிர்மெய். உயிர்க்குறி எதுவும் இல்லாவிட்டால் அகரம் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். மெய்யெழுத்தைக் காட்டும் புள்ளிக்கும் தனிக் கட்டம் உண்டு. சான்றாக, அம்மா என்ற சொல்லில் அச்சில் மூன்று எழுத்துகள். பிரெய்லியில் அகரத்திற்கு ஒன்று, 'ம்' என்பதற்கு இரண்டு, 'மா' என்பதற்கு இரண்டு என ஐந்து கட்டங்கள் ஆகும்.

இம்முறையில் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையிலேயே அமைகின்றன. அச்சில் 'கெ' என எழுதும்போது எகரத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது. 'கொ' என எழுதும்போது குறி இருபுறமும் நிற்கிறது. பிரெய்லியில் எப்போதும் முதலில் மெய், பிறகு உயிர். இந்த வரிசை பின்னாளில் கணினிக்கும் பெரிதும் உதவியது. அது கீழே விளக்கப்படுகிறது.

நூலின் பருமனும் காலமும்

பிரெய்லி எழுத்தைச் சிறிதாக்க முடியாது. விரல் நுனி உணரும் அளவுக்கு அது இருந்தாக வேண்டும். ஒரு கட்டத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்த கட்டத்தின் தொடக்கம் வரை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தேவைப்படும். வரிக்கு வரி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்.

மேற்குப் புறநகரின் மூன்று ஊர்ப்பெயர்களைக் கொண்டே இதைக் கணக்கிடலாம். ஆவடி என்பது அச்சில் 3 எழுத்து, பிரெய்லியில் 4 கட்டம். அம்பத்தூர் அச்சில் 6 எழுத்து, பிரெய்லியில் 10 கட்டம். பூவிருந்தவல்லி அச்சில் 8 எழுத்து, பிரெய்லியில் 14 கட்டம். இந்த ஒரு பெயருக்கு மட்டும் தாளில் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இடம் தேவை.

பெரிய அளவுப் பிரெய்லி தாளில் வரிக்கு 40 கட்டம், பக்கத்துக்கு 25 வரி என 1000 கட்டங்கள் அடங்கும். அச்சு நூலின் ஒரு பக்கத்தில் 200 சொற்கள் உள்ளன என்றும், சொல்லுக்கு இடைவெளியோடு 11 கட்டங்கள் ஆகும் என்றும் வைத்துக்கொண்டால் 2200 கட்டங்கள் வரும். அதாவது அச்சில் ஒரு பக்கம் பிரெய்லியில் இரண்டு பக்கத்தைத் தாண்டிவிடும். தாளும் தடித்தது, புள்ளிகள் மேலெழுந்திருப்பதால் தாள்களை அழுத்திக் கட்டவும் முடியாது. ஆகவே ஒரு பாடநூல் பல தொகுதிகளாகப் பிரிகிறது. மாணவர் பையில் எல்லாப் பாடங்களையும் தூக்கிச் செல்வது இயலாத செயல்.

பிரெய்லி அச்சகத்தில் ஒரு நூல் பொதுவாக நான்கு கட்டங்களைக் கடக்கிறது. முதலில் நூலின் எழுத்துகள் கணினியில் உள்ளிடப்படுகின்றன. பிறகு மென்பொருள் அவற்றைப் பிரெய்லி குறிகளாக மாற்றுகிறது. மூன்றாவதாக மெய்ப்புப் பார்க்கப்படுகிறது. பார்வையுள்ள ஒருவர் மூலநூலைப் படிக்க, பிரெய்லி அறிந்த பார்வையற்ற ஒருவர் விரலால் தொட்டு ஒப்பிடுவது வழக்கம். இறுதியில் தாளில் புள்ளிகள் பொறிக்கப்பட்டு நூலாகக் கட்டப்படுகின்றன. படங்கள், வரைபடங்கள், அட்டவணைகள் ஆகியவை தனிச் சிக்கல். அவற்றைத் தொட்டுணரும் கோடுகளாகப் பொறிக்க வேண்டும். அல்லது சொற்களில் விவரிக்க வேண்டும்.

இவற்றுள் முதல் கட்டத்திற்கு ஆகும் காலம் அச்சகத்தின் கையில் இல்லை. நூலை வெளியிட்டவர் கணினியில் நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய கோப்பைத் தந்தால் தட்டச்சு வேலையே இராது. அச்சுப் பிரதி மட்டும் வந்தால் முழு நூலையும் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த இடைவெளியில் வகுப்பு தொடங்கிவிடும். பக்கத்து இருக்கையில் உள்ளவர் கையில் நூல் இருக்க, ஒரு மாணவர் மட்டும் பிறர் வாசிக்கக் கேட்டே படிக்க நேரிடும். தகவல் தாமதமாகக் கிடைப்பதும் ஒருவகையில் தகவல் மறுக்கப்படுவதே.

திரைவாசிப்பான்

கணினி, கைப்பேசி ஆகியவற்றின் திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றிப் படிக்கும் மென்பொருள் திரைவாசிப்பான் எனப்படும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது. அதன் மூலநிரலும் எல்லோருக்கும் திறந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக், ஐபோன்களில் வாய்ஸ்ஓவர் ஆகியவை முன்பே நிறுவப்பட்டு வருகின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தலைமையில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு எழுத்திலிருந்து பேச்சை உருவாக்கும் மென்பொருள்கள் உருவாக்கப்பட்டன.

கணினியோடு இணைக்கும் பிரெய்லி திரையும் உண்டு. அதில் சிறு ஊசிகள் மேலெழுந்தும் தாழ்ந்தும் ஒரு வரியைக் காட்டும். படித்து முடித்ததும் அடுத்த வரி தோன்றும். பல தொகுதி நூல்களை ஒரே கருவியில் எடுத்துச் செல்லலாம். ஆனால் விலை மிக அதிகம் என்பதால் பெரும்பாலானோர் குரலையே நம்பியுள்ளனர்.

குரல் இருக்கும்போது பிரெய்லி எதற்கு என்ற கேள்வி எழலாம். தமிழில் இதற்கு விடை எளிது. பணி, பனி ஆகிய சொற்களுக்கும் மரம், மறம் ஆகிய சொற்களுக்கும் வேறுபாடு எழுத்தில் தெளிவாகத் தெரியும். காதில் விழும்போது எளிதில் தெரியாது. கேட்டே படித்த மாணவர் கருத்தை அறிவார். எழுத்துக்கூட்டலை உறுதியாக அறியார். எங்கே ஒற்று மிகும், எங்கே சொல் பிரியும் என்பவையும் அவ்வாறே. கணக்குச் சமன்பாடுகளை ஒலியாகக் கேட்டு நினைவில் வைத்திருப்பது இன்னும் கடினம். பார்வையுள்ள குழந்தைக்கு அச்சு எழுத்து எப்படியோ, பார்வையற்ற குழந்தைக்குப் பிரெய்லி அப்படி.

எழுத்துருச் சிக்கல்

தமிழில் திரைவாசிப்பான் தோற்கும் இடங்களுள் முதன்மையானது பழைய எழுத்துருக்கள். ஒருங்குறி பரவலாவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற பல எழுத்துரு முறைகள் வழங்கின. இவற்றில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருந்தன. திரையில் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமே. பாமினி எழுத்துருவில் அம்மா என்று எழுதப்பட்டதைத் திரைவாசிப்பான் 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்று படிக்கும். ஒரு பக்கச் சுற்றறிக்கை முழுவதும் இவ்வாறே ஒலித்தால் கேட்பவருக்கு ஒரு சொல்லும் விளங்காது.

உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் நிலையான எண்ணைத் தரும் யூனிகோடு எனப்படும் ஒருங்குறி 1991இல் வெளியானது. தமிழ் அதன் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றது. 2010இல் தமிழ்நாடு அரசும் அரசுப் பணிகளுக்கு ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. 'கெ' என்பதில் ககரம் முதலிலும் எகரக்குறி அடுத்தும் வரும். இது பாரதி பிரெய்லியின் வரிசையே. ஆகவே ஒருங்குறியில் எழுதப்பட்ட தமிழை மென்பொருள் நேரடியாகப் பிரெய்லியாக மாற்றிவிடும். அதே கோப்பைக் குரலாகவும் படிக்கும். பார்வை மங்கியவருக்குப் பெரிய எழுத்திலும் காட்டும். ஒரு முறை சரியாக எழுதப்பட்ட கோப்பிலிருந்து மூன்று வடிவங்களும் கிடைக்கின்றன.

இரண்டாவது சிக்கல் படமாகிவிட்ட எழுத்து. கையொப்பமிட்ட ஆணையை ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக வெளியிடுவதும், அறிவிப்பை ஒளிப்படமாக வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் வழக்கமாகிவிட்டன. திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். உள்ளே எழுத்து இருப்பதை அது அறியாது. எழுத்துணரி மென்பொருள் கொண்டு படத்திலிருந்து எழுத்தை மீட்கலாம் என்றாலும், மங்கலான தாள், முத்திரை விழுந்த வரி, அட்டவணை ஆகியவற்றில் பிழைகள் மிகும். ஓய்வூதியத் தொகையிலோ விண்ணப்பத்தின் கடைசி நாளிலோ ஓர் இலக்கம் பிழையாகப் படிக்கப்பட்டால் அதன் விளைவு சிறியதன்று.

மூன்றாவது, அச்சில் உள்ள கியூஆர் குறியீடு. கைப்பேசியைக் காட்டினால் பாடத்தின் காணொளி திறக்கும் என்பது நல்ல வசதி. ஆனால் அக்குறியீடு தாளின் எந்த மூலையில் உள்ளது என்பது விரலுக்குத் தெரியாது. அதன் ஓரத்தில் தொட்டுணரக்கூடிய ஒரு சிறு கோட்டைப் பொறித்தால் இந்தத் தடை நீங்கும்.

தனிமறைவு

தகவல் அணுகலில் வேகமும் வசதியும் மட்டும் கருதத்தக்கவை அல்ல, தனிமறைவும் முதன்மையானது. தாமே படிக்க இயலாதவர் தம் கடிதத்தைப் பிறரிடம் தந்து படிக்கச் சொல்ல வேண்டியுள்ளது. மருத்துவப் பரிசோதனை முடிவு, வங்கி இருப்பு, கடன் அறிவிப்பு, குடும்பக் கடிதம் ஆகிய எல்லாவற்றையும் அவருக்கு முன்பே வேறொருவர் அறிந்துவிடுகிறார். படிப்பவர் எதை விட்டுவிட்டார், எதை மாற்றிச் சொன்னார் என்பதைச் சரிபார்க்கவும் வழியில்லை. படிக்காமலே கையொப்பம் இடுவதில் உள்ள இடர் வெளிப்படை.

இதற்கு ஓரளவு தீர்வு கண்ட துறைகளுள் ஒன்று தேர்தல். பார்வையற்ற வாக்காளர் 18 வயது நிரம்பிய துணைவர் ஒருவரை வாக்களிக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்லத் தேர்தல் விதிகள் இடம் தருகின்றன. அந்நிலையில் வாக்கு இரகசியம் துணைவரின் நேர்மையைப் பொறுத்தது. 2009ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரத்தின் பொத்தான்களுக்கு அருகே பிரெய்லி எண்கள் நாடு முழுவதும் இடம்பெற்றன. வேட்பாளர் பெயர்கள் அடங்கிய பிரெய்லி தாளைப் படித்து வரிசை எண்ணை அறிந்து, அதே எண் உள்ள பொத்தானைத் தாமே அழுத்தலாம். பிரெய்லி அறிந்தவருக்கு இது முழு இரகசிய வாக்கு.

பணத்தாளும் ஒரு தகவலே. 100 ரூபாய்த் தாளில் முக்கோணமும் 500 ரூபாய்த் தாளில் வட்டமும் தொட்டுணரும்படி மேலெழுந்து அச்சிடப்பட்டுள்ளன. தாள் நைந்துபோனால் இக்குறிகள் தேய்ந்துவிடும். இந்திய ரிசர்வ் வங்கி 2020 சனவரியில் மணி என்ற கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. தாளைக் கேமராவின் முன் காட்டினால் அதன் மதிப்பைக் குரலில் சொல்லும். கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்க்கப் பிறரை நம்பியிருக்க வேண்டிய தேவை இதனால் குறைகிறது.

பார்வைக்கு அப்பால்

தகவல் அணுகல் பார்வையற்றோருக்கு மட்டும் உரியதன்று. அம்பத்தூர், ஆவடி நிலையங்கள் வழியாகச் செல்லும் சென்னை–அரக்கோணம் புறநகர் ரயில் பாதையை எடுத்துக்கொள்ளலாம். ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது, எல்லா நிலையங்களிலும் நிற்குமா, விரைவு வண்டியா என்பவை பயணிக்குத் தேவையான தகவல்கள். கடைசி நேரத்தில் நடைமேடை மாறுவதை ஒலிபெருக்கியில் மட்டும் சொன்னால் காது கேளாதவர் பழைய நடைமேடையிலேயே நிற்பார். மின்பலகையில் மட்டும் காட்டினால் பார்வையற்றவர் நிற்பார். ஒரே தகவலை இரண்டு புலன்களுக்கும் தருவதே இதற்கு விடை. பேருந்திலும் இவ்வாறே. முகப்பில் உள்ள தடம் எண்ணைக் காண இயலாதவருக்கு வெளியே கேட்கும் குரல் அறிவிப்பு வேண்டும். அது இல்லாதபோது ஒவ்வொரு வண்டிக்கும் அருகில் நிற்பவரைக் கேட்க வேண்டியிருக்கும்.

காது கேளாதோருக்குக் காணொளிகளில் எழுத்து வரிகளும் சைகைமொழி பெயர்ப்பும் தேவை. பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகைமொழியே முதல்மொழி. எழுத்துத் தமிழ் அவர்கள் பின்னர் கற்கும் மொழி. ஆகவே எழுத்து வரிகள் இருந்தாலும் சைகைமொழியின் தேவை குறைவதில்லை. இந்திய சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015இல் தொடங்கப்பட்டது. அறிவுசார் குறைபாடு உடையோருக்குச் சிறு வாக்கியங்களும் படங்களும் கொண்ட எளிய தமிழ் வேண்டும். கை இயக்கக் குறைபாடு உடையோருக்குச் சுட்டி இல்லாமல் விசைப்பலகையாலோ குரலாலோ நிரப்பக்கூடிய படிவங்கள் வேண்டும்.

சட்டமும் பதிப்புரிமையும்

ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2007இல் அதற்கு ஒப்புறுதி அளித்தது. அதனை ஒட்டி மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் 21 ஆயின. இச்சட்டத்தின் 42ஆம் பிரிவு ஒலி, அச்சு, மின்னணு ஆகிய ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு, சைகைமொழி பெயர்ப்பு, எழுத்து வரிகள் ஆகியவையும் இதில் அடங்கும்.

சட்டம் கட்டாயம் என்றாலும் அதன்கீழ் வகுக்கப்பட்ட விதியொன்று தரநிலைகளை வழிகாட்டுதல் போலவே வைத்திருந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவ்விதி சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்து, கட்டாயமான குறைந்தபட்சத் தரநிலைகளை வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று வழங்கிய மற்றொரு தீர்ப்பில், மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என அந்நீதிமன்றம் கூறியது. வங்கிக் கணக்கு தொடங்குவது போன்றவற்றுக்கான மின்னணு அடையாளச் சரிபார்ப்பில் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்வது, முகத்தை வட்டத்துக்குள் பொருத்தச் சொல்வது ஆகியவை பார்வையற்றோருக்கும், அமிலவீச்சால் முகம் பாதிக்கப்பட்டோருக்கும் தடையாக இருந்தமையே அவ்வழக்கின் பின்னணி.

நூல்களைப் பிரெய்லியாகவோ ஒலிநூலாகவோ மாற்றுவதற்குப் பதிப்புரிமை முன்பு தடையாக இருந்தது. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்காக இலாப நோக்கின்றி நூல்களை அணுகத்தக்க வடிவில் மாற்ற அனுமதிக்கிறது. பதிப்பாளரிடம் தனியே இசைவு பெறத் தேவையில்லை. நாடுகளுக்கு இடையே இத்தகைய நூல்களைப் பகிர வழிசெய்யும் மராக்கேசு உடன்படிக்கை 2013இல் உருவானது. அதற்கு 2014இல் முதன்முதலில் ஒப்புறுதி அளித்த நாடு இந்தியா. 2016இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இந்திய மொழிகளில் அணுகத்தக்க நூல்களைப் பார்வையற்ற வாசகர்களுக்கு வழங்குகிறது. சென்னையில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தரைத்தளத்திலேயே பிரெய்லி பிரிவு அமைக்கப்பட்டுள்ளது.

எழுதுவோர் செய்யக்கூடியவை

தகவல் அணுகலுக்கான பணிகளுள் பலவற்றுக்குப் பணமோ தனிக் கருவியோ தேவையில்லை. மாணவர், ஆசிரியர், அலுவலகப் பணியாளர், பதிப்பாளர் ஆகிய எவரும் பின்வருவனவற்றைப் பின்பற்றலாம்.

தமிழை ஒருங்குறியில் மட்டுமே தட்டச்சு செய்ய வேண்டும். பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளை மாற்றி மென்பொருள் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அறிவிப்பைப் படமாக அனுப்ப நேர்ந்தால், அதே செய்தியை எழுத்தாகவும் கீழே சேர்க்க வேண்டும். ஸ்கேன் செய்த ஆணையோடு அதன் மூல எழுத்துக் கோப்பையும் வெளியிட வேண்டும்.

தலைப்புகளை எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டாமல், மென்பொருளில் உள்ள தலைப்பு வசதியைப் பயன்படுத்தி அமைக்க வேண்டும். பார்வையுள்ளவர் பக்கத்தை ஒரு பார்வையில் நோட்டமிடுவது போல, திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித் தேவையான பகுதியை அடைவார்.

படங்களுக்கு மாற்று விவரிப்பு எழுத வேண்டும். 'படம் 1' என்பது விவரிப்பு ஆகாது. அப்படம் எதைத் தெரிவிக்க வைக்கப்பட்டதோ அதை ஓரிரு வாக்கியங்களில் சொல்ல வேண்டும்.

நிறத்தை மட்டும் கொண்டு பொருள் உணர்த்தக் கூடாது. 'சிவப்பில் உள்ளவற்றை நிரப்புக' என்பது நிறக்குருடு உள்ளவருக்கும் பயன்படாது.

இணைய இணைப்புகளை 'இங்கே சொடுக்குக' எனத் தராமல், அது எங்கே செல்கிறது என்பதைச் சொல்லும் சொற்களில் தர வேண்டும்.

இறுதியாக, வெளியிடும் முன் ஒரு முறை கைப்பேசியின் திரைவாசிப்பானை இயக்கி, கண்களை மூடிக்கொண்டு தாம் எழுதியதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இயன்றால் பார்வையற்ற ஒருவரையே பயன்படுத்திப் பார்க்கச் சொல்லிக் கருத்துக் கேட்க வேண்டும்.

இவை அனைத்திலும் பொதுவாக அமைவது ஒன்று. எழுதும்போதே எல்லோரையும் கருதி எழுதினால் கூடுதல் உழைப்பு மிகக் குறைவு. வெளியிட்ட பிறகு சரிசெய்ய முனைந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் மீண்டும் உருவாக்க வேண்டியிருக்கும். பாடநூலின் ஒருங்குறிக் கோப்பு அச்சுக்குச் செல்லும் அதே நாளில் பிரெய்லி அச்சகத்துக்கும் சென்றால், வகுப்பில் உள்ள எல்லா மாணவரும் ஒரே வாரத்தில் முதல் பாடத்தைத் திறக்க முடியும்.